குதிரை கட்டையைக் கடிக்கிறதா? பட்டையை இறுக்குவதற்கு முன்

கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், கோபாலபுரம் பக்கம் இப்போது தோப்புக்கு ஒரு குதிரை நிற்கிறது. தத்தமங்கலம் வேலா திருவிழாவில் ஓட்ட ஒருவர், கல்யாண ஊர்வலத்துக்கு விட ஒருவர், சும்மா ஆசைக்கு வாங்கியவர் பத்துப் பேர். புதிதாக வாங்கியவர்கள் செய்யும் தப்புகளைப் பார்த்தால், நாங்கள் ஒரு காலத்தில் செய்தவற்றை நகல் எடுத்தது போலவே இருக்கிறது. தண்ணீர் வைக்க மறப்பது, லத்தி அள்ளாமல் விடுவது பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது கூடத் தெரியாதவர் குதிரை வாங்க வேண்டாம். லாயத்தில் அடைபட்ட குதிரைக்கு வரும் பழக்கங்களைப் பற்றி மட்டும் பேசலாம்: கட்டை கடிப்பது, காற்று குடிப்பது, நின்ற இடத்தில் ஆடுவது, சுற்றிச் சுற்றி நடப்பது.

சுழி பார்த்து, பல் பார்க்காமல் வாங்குவது

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். நெற்றிச் சுழி, கழுத்துச் சுழி, வயிற்றுச் சுழி என்று விரல் வைத்து எண்ணுவார்கள். வயது பார்க்க வாயைத் திறப்பவர்கூட மேல் முன்பற்களின் வெளி விளிம்பைப் பார்ப்பதில்லை. அந்த விளிம்பு சாய்வாகத் தேய்ந்திருந்தால் அது கட்டை கடிக்கும் குதிரை. தொண்டைக்குக் கீழே தசை தடித்திருக்கிறதா, கடிக்காமல் இருக்கக் கழுத்தில் இறுக்கிக் கட்டும் பட்டை காதுக்குப் பின்னால் அழுத்தி முடி உதிர்ந்த தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு கை கொள்ளு கொடுக்கச் சொல்லிவிட்டு, பக்கத்தில் ஒரு குறுக்குக் கட்டை இருக்கும் இடத்தில் நிறுத்தி வையுங்கள். பழக்கம் இருந்தால் பெரும்பாலும் அப்போதே காட்டிவிடும்.

பட்டையை இறுக்குவது

இதுதான் எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டும் தப்பு. பணமும் இதில்தான் அதிகம் போகிறது.

குதிரை என்ன செய்கிறது என்று முதலில் கவனியுங்கள். மேல் பற்களைத் தொட்டி விளிம்பில் ஊன்றும். கழுத்தை வளைத்துப் பின்னுக்கு இழுக்கும். தொண்டைத் தசை முறுக்கிக்கொண்டு வெளியே தெரியும். 'க்ஹ்ஹ்' என்று ஓர் ஏப்பச் சத்தம். விட்டுவிட்டு மறுபடி. பல்லை எதிலும் ஊன்றாமலே இதைச் செய்தால் அது காற்று குடிப்பது. கொள்ளுத் தீவனம் தின்று முடித்த அடுத்த அரை மணி நேரத்தில் இது உச்சத்துக்குப் போகும். அங்கேதான் துப்பு இருக்கிறது.

குதிரையின் வயிற்றில் அமிலம் நாள் முழுக்கச் சுரந்துகொண்டே இருக்கும், தின்றாலும் தின்னாவிட்டாலும். ஆனால் அந்த அமிலத்தைத் தணிக்கும் எச்சில் மென்றால்தான் ஊறும். மேய விட்டால் ஒரு நாளில் 16 மணி நேரம் வரை மேயும் பிராணி அது. அதைக் கட்டிப்போட்டு, காலையும் மாலையும் கொள்ளும் தவிடும் வைத்துவிட்டு, இடையில் பத்து மணி நேரம் காலி வயிற்றோடு நிறுத்தினால் அது வேறு என்ன செய்யும்?

கோபாலபுரம் பக்கம் ஒரு தம்பி மார்வாரி இனப் பெண்குதிரை வாங்கினார். வந்த சில வாரத்தில் தென்னங்கட்டையைக் கடிக்க ஆரம்பித்தது. ஒருநாள் போன் செய்தார்: "அண்ணா, பட்டை போட்டாச்சுங்க. இப்பக் கடிக்கறதே இல்லீங்க." போய்ப் பார்த்தேன். பட்டை அவ்வளவு இறுக்கம், ஒரு விரல் நுழையவில்லை. காதுக்குப் பின்னால் தோல் கன்றி நீர் கோத்திருந்தது. விலா எலும்பு எண்ணலாம். குதிரை தலையைத் தொங்கப்போட்டு நின்றது. அதைத்தான் "அமைதியாயிடுச்சு" என்றார்.

"ராத்திரிக்கு என்ன போடறீங்க தம்பி?"

"ராத்திரி தூங்குமுங்களே?"

குதிரை ஒரு நாளைக்குத் தூங்குவது மூன்று மணி நேரம் சொச்சம். மீதி இரவு முழுக்க அது சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. தீவனத்தை மாற்றுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். சரி சரி என்றார். பட்டையை இன்னும் ஒரு துளை இறுக்கினார். கடைசியில் விற்கப் போனபோது, வாங்க வந்தவர் விவரமானவர். பட்டையைக் கழற்றிவிட்டு வேலிக் கட்டை பக்கம் கொண்டுபோய் நிறுத்தினார். அது வெறி பிடித்த மாதிரிக் கடித்தது. வாங்கிய விலையில் பாதிகூடத் தேறவில்லை.

இதில் வியப்பு ஒன்றும் இல்லை. கடிக்க விடாமல் தடுத்து வைத்த குதிரை, தடை நீங்கியதும் முன்பைவிட அதிகமாகக் கடிக்கும் என்று 1998-லேயே ஆய்வில் காட்டிவிட்டார்கள். பட்டை செயலைத்தான் நிறுத்துகிறது, அதற்கான தூண்டுதல் அப்படியே உள்ளே இருக்கிறது.

காற்று வயிற்றுக்குள் போய் உப்பும் என்ற பயத்தில்தான் பலர் பட்டையைத் தேடுகிறார்கள். 1995-இல் எக்ஸ்ரே வைத்துப் பார்த்ததில், காற்று உணவுக்குழாயின் மேல்பகுதி வரை போய், பெரும்பாலும் அப்படியே தொண்டைக்குத் திரும்பிவிடுகிறது என்று தெரிந்தது. அதற்காகக் கவலையே இல்லை என்று சொல்லவில்லை. கட்டை கடிக்கும் குதிரைகளுக்குக் குடல் ஒரு குறிப்பிட்ட இடுக்கில் சிக்கிக்கொள்ளும் ஆபத்து மற்றவற்றைவிட அதிகம், அது உயிரை எடுக்கும்.

அப்புறம் என்னதான் செய்வது? கணக்குப் போடுங்கள். 350 கிலோ குதிரைக்கு உலர்ந்த நிலையில் 5 முதல் 7 கிலோ வரை நார்த்தீவனம் ஒரு நாளைக்கு வேண்டும். "அதான் 20 கிலோ கோ-4 புல் போடறேனே" என்பார்கள். பச்சைப் புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். 20 கிலோவில் மிஞ்சுவது 4 கிலோதான். உலர்ந்த சோளத்தட்டையோ உலர்புல்லோ சேர்த்து, இரவு கடைசியாக ஒரு முறை நிறையப் போடுங்கள். சிறு கண்ணி வலைப்பையில் கட்டித் தொங்கவிட்டால் இழுத்து இழுத்துத் தின்ன நேரம் பிடிக்கும். லாடம் அடித்த கால் மாட்டாத உயரத்தில் கட்டுங்கள். இளஞ்சோளப் பயிரை மட்டும் வெட்டிப் போடாதீர்கள், அதில் நஞ்சு உண்டு.

கொள்ளையும் தவிட்டையும் பாதியாகக் குறைத்து, மூன்று நான்கு வேளையாகப் பிரியுங்கள். கோ-4 போன்ற நேப்பியர் வகைப் புல்லில் உள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி. இரண்டையுமே நம்பி வளர்த்தால் எலும்பும் கெடும். குதிரை மசால் ஒரு பிடி தினமும் கிடைத்தால் சுண்ணாம்பும் கிடைக்கும், அமிலமும் தணியும். எந்த மாற்றத்தையும் பத்து நாளுக்கு மேல் எடுத்துக்கொண்டு மெதுவாகச் செய்யுங்கள். வயிற்றுப் புண் இருக்கிறதா என்று மருத்துவரைக் கேளுங்கள். அதற்கு மருந்து உண்டு.

பல வருடம் ஊறிய பழக்கம் இதனாலும் முழுதாகப் போகாது. குறையும், அது போதும். ஒரு கட்டையில் பழைய டயர் ரப்பரைச் சுற்றி ஆணி துருத்தாமல் அடித்து விட்டுவிடுங்கள். பல்லாவது பிழைக்கும்.

மிளகாய்ப்பொடி, வேப்பெண்ணெய் தடவுவது

அடுத்த கட்டைக்குப் போகும்.

எல்லாக் கடியும் ஒன்று என்று நினைப்பது

மரத்தைச் சிராய் சிராயாகப் பிய்த்து மென்று தின்றால் அது வேறு. அங்கே கழுத்து இழுப்பும் இல்லை, ஏப்பமும் இல்லை. பெரும்பாலும் நார் போதாத குறை. பங்குனி, சித்திரையில் பச்சை வற்றும்போது பாதிக் குதிரைகள் இதைச் செய்யும்.

பக்கத்துக் குதிரைக்கு ஒட்டும் என்று தனியே கட்டுவது

பார்த்துக் கற்றுக்கொள்ளும் என்பதற்குச் சான்று மிகக் குறைவு. ஒரே லாயத்தில் நாலு குதிரை கடித்தால், நாலும் ஒரே பட்டினி அட்டவணையில் இருக்கின்றன என்று அர்த்தம். தனியே கட்டினால் கடிப்பதோடு ஆட்டமும் சேர்ந்துகொள்ளும்.

ஆடும் குதிரைக்கு வாசலை அடைப்பது

முன்கால்களை மாற்றி மாற்றி ஊன்றி, தலையை இடம் வலமாக வீசும் குதிரைக்கு வாசலில் கம்பி வைத்து அடைக்கிறார்கள். கம்பிக்குப் பின்னால் போய் ஆடும். அதற்கு வேண்டியது இன்னொரு குதிரையின் முகம். பக்கச் சுவரில் ஒரு ஜன்னல் திறந்தாலே வித்தியாசம் தெரியும். உடையாத கண்ணாடியைச் சுவரில் பதித்தால்கூட ஆட்டம் வெகுவாகக் குறைகிறது என்று 2002-இல் இங்கிலாந்தில் சோதித்திருக்கிறார்கள். செலவில்லாத வழி, பகலில் தோப்பில் அவிழ்த்து விடுவது. காய் வெட்டும் நாளில் மட்டும் வேண்டாம்.

பால் மறந்த குட்டிக்குக் கொள்ளு ஏற்றுவது

சீக்கிரம் வளரட்டும் என்று செய்வது. பால் மறந்ததும் அடர்தீவனம் கொடுத்த குட்டிகளில் கட்டை கடிக்கும் பழக்கம் நான்கு மடங்கு வேகத்தில் வந்ததை 2002-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. குட்டியைத் திடீரென்று தாயிடமிருந்து பிரித்து அடைக்காமல், மற்றக் குதிரைகளோடு வெளியில் விடுங்கள்.

அடிப்பது

வேண்டாம்.

வயிற்று வலிக்குப் பெருங்காயத் தண்ணீர்

கட்டை கடிக்கும் குதிரை ஒருநாள் தின்னாமல், வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, தரையைப் பறித்து, படுத்துப் புரண்டால் பெருங்காயத் தண்ணீர் ஊற்ற மூங்கில் குழாயைத் தேடாதீர்கள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, தலையைத் தூக்கி ஊற்றியது நுரையீரலுக்குப் போனால் இரண்டாவது ஆபத்து. தீவனத்தை எடுத்துவிட்டு உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். பக்கத்து ஊர் மருத்துவர் பலருக்கு மாடுதான் பழக்கம். குதிரை பார்ப்பவர் யார் என்று மண்ணுத்தியிலோ நாமக்கல்லிலோ உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியில் இன்றே கேட்டு, எண்ணை லாயக் கதவில் எழுதி வையுங்கள். எந்நேரம் தொடங்கியது, கடைசியாக எப்போது லத்தி போட்டது என்ற இரண்டையும்தான் அவர் முதலில் கேட்பார்.