பழைய ஸ்கீயில் புதிய பைண்டிங்

பனியில் சறுக்கிச் செல்ல உதவும் என்னுடைய கிராஸ் கன்ட்ரி ஸ்கீ பலகைகளில், பூட்ஸைப் பிணைத்துப் பிடிக்கும் எஸ்என்எஸ் வகை பைண்டிங்கின் கொக்கி தேய்ந்து, காலை உந்தும்போதெல்லாம் பூட்ஸ் கழன்றுகொண்டது. ஸ்கீகள் நல்ல நிலையில் இருந்ததால் பைண்டிங்கை மட்டும் மாற்றத் தீர்மானித்தேன். எதை வாங்குவது என்பதைப் பூட்ஸின் அடிப்பாகமே சொல்லிவிடும்: நடுவில் அகலமான ஒரே பள்ளம் இருந்தால் எஸ்என்எஸ், இணையாக இரண்டு பள்ளங்கள் இருந்தால் என்என்என் என்ற மற்றொரு வகை. புதிய பூட்ஸ்கள் பெரும்பாலும் இரண்டாம் வகையாகவே வருவதால், செலவானாலும் பூட்ஸையும் சேர்த்து மாற்றிக்கொண்டேன்.

பழைய துளைகளை எபாக்சி தடவிய பிளாஸ்டிக் முளைகளால் அடைத்து, காய்ந்தபின் மட்டமாகச் சீவினேன். பிறகு வெற்று ஸ்கீயை அளவுகோலின் விளிம்பில் கிடத்தி, எப்பக்கமும் சாயாமல் நிற்கும் இடத்தைப் பென்சிலால் குறித்து, பூட்ஸின் முனைக்கம்பி அக்கோட்டின்மேல் அமையும்படி, துளையிட வேண்டிய இடங்களைக் காட்டும் காகித அச்சை ஒட்டினேன். துளையிடும்போது அவசரம் கூடவே கூடாது. தயாரிப்பாளர் குறிப்பிடும் ஆழத்தில் துளையூசியைச் சுற்றி டேப் ஒட்டாவிட்டால், அது ஸ்கீயின் அடிப்பரப்பைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடக்கூடும். ஈரம் உள்ளே இறங்காதிருக்க ஒவ்வொரு துளையிலும் சிறிது பசை விட்டு, போசிடிரைவ் 3 எனும் திருப்புளி முனையால் திருகுகளைக் கையாலேயே முடுக்கினேன். சாதாரண கூட்டல்குறி வடிவ பிலிப்ஸ் முனை இத்திருகுகளின் தலையை மழுக்கிவிடும்.