பழைய காசு வாங்கப் போகிறீர்களா? முதலில் வருடத்தைப் படியுங்கள்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் அப்பம்மாவின் அலுமாரிக்குள் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. அதில் விக்டோரியா மகாராணியின் தலை போட்ட 1870ஆம் ஆண்டுச் செம்புக் காசுகள். பன்னிரண்டு வயதில் அவற்றைப் புளி போட்டுத் தேய்த்தேன். குத்துவிளக்கு மாதிரி மின்னின. ஆனால் நூறு வருடமாக ஏறியிருந்த பழுப்பு நிறம் போனது போனதுதான். தேய்த்த காசைச் சேகரிப்பாளர்கள் தூரத்திலிருந்தே அடையாளம் காண்பார்கள், விலையும் இறங்கிவிடும். மண் ஒட்டியிருந்தால் வெறும் தண்ணீரில் ஊறவைத்து, மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். அது போதும்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்குப் பிரித்தானியர் காலத்து வெள்ளிச் சதங்களைத்தான் சொல்வேன். காசு வாங்கப் புறக்கோட்டைக் கடைகளுக்குப் போகும்போது சின்ன டிஜிட்டல் தராசு, காந்தம், பூதக்கண்ணாடி மூன்றும் பையில் இருக்கட்டும். 50 சதம் 5.83 கிராம், 25 சதம் 2.92 கிராம். தேய்ந்த காசின் எடை கொஞ்சம் குறையலாம், இதைவிட அதிகமாக இருக்காது. காந்தத்தில் ஒட்டினால் வெள்ளி இல்லை. ஒட்டாததெல்லாம் வெள்ளியும் இல்லை, செம்பும் பித்தளையும் ஈயமும்கூட ஒட்டாது. அப்புறம் விளிம்பைப் பாருங்கள். வார்த்தெடுத்த போலியில் பெரும்பாலும் விளிம்பைச் சுற்றி ஒரு கோடு ஓடும், முகத்தில் ஊசி குத்தியது போலக் குழிகள் இருக்கும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் நான் ஏமாந்திருக்கிறேன். ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் 50 சதத்தில் 1917 வரை நூற்றுக்கு 80 பங்கு வெள்ளி. 1919 முதல் 55 பங்குதான். மன்னரின் முகமும் எடையும் அப்படியே இருப்பதால் தராசு இங்கே உதவாது. நான் முதலில் வாங்கிய நான்கில் மூன்று 1920களில் அடித்தவை. நான்குக்கும் ஒரே விலை கொடுத்துவிட்டேன்.

இன்னும் பழையவற்றில் எழுத்துத்தான் வழிகாட்டி. பொலன்னறுவைக் காலச் செம்புக் காசில் ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவம், பக்கத்தில் நாகரி எழுத்தில் ஆட்சி செய்தவரின் பெயர். ராஜராஜ சோழன் காசின் சாயலிலேயே அடித்திருப்பதால், பெயரைப் படிக்காமல் பராக்கிரமபாகுவா லீலாவதி அரசியா என்று சொல்ல முடியாது. பத்துப் பதினைந்து நாகரி எழுத்துப் பழகிக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகளின் காசுக்கு அதுவும் தேவையில்லை. நந்திக்குக் கீழே தமிழிலேயே 'சேது' என்றிருக்கும். அதை முதன்முதலில் எழுத்துக்கூட்டிப் படித்த அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. வாங்குவதற்கு முன் அசலைப் பார்த்துக் கண்ணைப் பழக்க, கொழும்பு கோட்டைப் பகுதியில் மத்திய வங்கியின் நூதனசாலை இருக்கிறது. கொழும்பு தேசிய நூதனசாலைக்கும் ஒரு நடை போய் வாருங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். 1815 மார்ச் 2க்கு முந்தியது இலங்கைச் சட்டப்படி தொல்பொருள். அனுமதிப்பத்திரம் இல்லாமல் அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. நிலத்துக்குள்ளிருந்து எடுக்கும் தொல்பொருள் அரசுக்கு உரியது. அதனால் பழைய செம்புக் காசு யாராவது நீட்டினால், எங்கே கிடைத்தது என்றுதான் முதலில் கேட்பேன். பதிலை மழுப்பினால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் எழும்பி வந்துவிடுவேன்.