கனெக்டரில் பின் கழற்றும்போது செய்கிற தப்புகள்

வண்டி கனெக்டருக்குள் வயர் நுனியில் இருக்கும் உலோக முனையைத்தான் பின் என்கிறோம். அதைக் கழற்றுவதில், புதிதாக வண்டி வயரிங் வேலைக்கு வருகிறவர்கள், நான் அந்தக் காலத்தில் செய்த தப்புகளை வரிசை மாறாமல் செய்கிறார்கள். பேட்டரி நெகட்டிவைக் கழற்ற மறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். ஒருமுறை பொறி பறந்தால் அந்தக் கவனம் தானாக வந்துவிடும்.

போட்டோ எடுக்காமல் கழற்றுவது

ஒரே நிறத்தில் இரண்டு வயர் இருக்கும். எடுங்கள்.

இரண்டாவது லாக்கை மறப்பது

ஒவ்வொரு பின்னையும் பிடித்திருக்கும் லாக் போக, பல கனெக்டர்களில் வேறு நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் பட்டை இருக்கும். அதை நகர்த்தாமல் ஒரு பின்னும் வராது. சிலவற்றில் அது பாதி தூரம்தான் நகரும், அதற்கு மேல் நெம்பினால் உடையும்.

ஊசியைப் பின்னின் வாய்க்குள் விடுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். பெண் பின்னை முன்பக்கம் பார்த்தால் குட்டிப் பெட்டி மாதிரி தெரியும். உள்ளே மெல்லிய ஸ்பிரிங் தகடு ஒன்று உண்டு. ஆண் பின்னை அழுத்திப் பிடிப்பது அதுதான். ஊசியை விட்டு லாக்கை விடுவிக்கும் சந்து அந்தப் பெட்டிக்கு மேலேயோ கீழேயோ தனியாக இருக்கும். அவசரத்தில் ஊசி பெட்டிக்குள் போய்விடுகிறது, தகடு சுவரோடு அமுங்கிவிடுகிறது.

இன்ஜின் சுற்றுவதைக் கவனிக்கும் கிராங்க் சென்சார் ஒன்றின் கனெக்டரில் ஊக்கை விட்டு நானே இதைச் செய்தேன். வண்டி ஸ்டார்ட் ஆனது, போனது. கொஞ்ச நாளில் ஓடும்போதே அணைகிறது என்று திரும்பி வந்தது. சென்சாரை மாற்றினேன், அப்புறமும் அதே கதை. மல்டிமீட்டர், மின்சாரம் அறுபடாமல் போகிறது, தொடர்ச்சி சரி என்றே சொன்னது. லேசாகத் தொட்டாலே மீட்டருக்குப் போதுமே! கடைசியில் இன்ஜின் ஓடும்போது கனெக்டரை ஆட்டிப் பார்த்தேன், பட்டென்று நின்றது. சென்சார் காசு என் கையிலிருந்து போனது.

இப்போதெல்லாம் மாட்டும் முன் அதே அளவு ஆண் பின் ஒன்றை உள்ளே விட்டு இழுத்துப் பார்ப்பேன். இழுக்கும்போது தகடு அதை இறுக்கிப் பிடிக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் பின்னை மாற்ற வேண்டியதுதான். தடித்த மீட்டர் முனையை வாய்க்குள் திணித்தாலும் இதே கேடுதான்.

இழுத்துக்கொண்டே நெம்புவது

இழுக்க இழுக்க லாக் இறுகும். முதலில் வயரை லேசாக உள்ளே தள்ளி லாக்கைத் தளர்த்துங்கள், அப்புறம் நெம்புங்கள். சில வகைகளில் பின் முன்பக்கமாகத்தான் வரும். அதைப் பின்னால் இழுத்தால் வயர்தான் அறும்.

நாக்கைக் கவனிக்காமல் திரும்பப் போடுவது

பின்னிலேயே லாக்காக உலோக நாக்கு உள்ள வகையில், கழற்றும்போது அது மடங்கியிருக்கும். லேசாக நிமிர்த்திவிட்டுப் போடுங்கள். ‘க்ளிக்’ கேட்டதும் வயரை மெதுவாக இழுத்துப் பாருங்கள்.

மஞ்சள் கனெக்டர்

பெரும்பாலும் ஏர்பேக். கை வைக்காதீர்கள்.