சிங்களத் தோழரோடு சேர்ந்து வேதம் வாசிக்க

யாழ்ப்பாணத்துக்கு மாற்றலாகி வந்த சிங்களக் கிறிஸ்தவர் உங்களோடு கந்தோரில் வேலை செய்தால், தேத்தண்ணி நேரத்தில் ஒரு துண்டுத் தாளில், 23ஆம் சங்கீதத்தின் 4ஆம் வசனத்துக்கு '23:4' என்று எண்ணை மட்டும் எழுதிக் கொடுங்கள். சங்கீதப் புத்தகம் வேதாகமத்தின் நடுவில் இருக்கும். முதல் நாள் விரித்துக் காட்டினால் போதும். அவர் சிங்களத்தில் வாசிக்கட்டும், அப்புறம் நீங்கள் தமிழில். அதிகார, வசன எண்கள் இரண்டு மொழியிலும் பெரும்பாலும் ஒன்றுதான். பொருள் முன்பே தெரிந்ததால் அவருடைய சொற்கள் மெல்ல மெல்லக் காதில் பிடிபடும். முடிவில் இருவரும் சொல்வது ஒரே 'ஆமென்'. எனக்கு அதுதான் பெரிய சந்தோஷம்.

பழைய கத்தோலிக்கப் பதிப்புகள் சிலவற்றில் 23ஆம் சங்கீதம் 22ஆக இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். அவருக்கு விருப்பமில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம்.