ஃபேர் கேட்ச்: நடுவர் எதை, எந்த வரிசையில் பார்க்கிறார்?

அமெரிக்கன் ஃபுட்பாலில் பண்ட் (பந்தை எதிரணிக்கு விட்டுக்கொடுத்துத் தூரமாக உதைக்கும் உதை) உதைத்த உடனே நம் கண் பந்தோடு மேலே போய்விடும். பின்னால் நிற்கும் நடுவரின் கண்ணோ, அதைப் பிடிக்கக் காத்திருக்கும் ஆட்டக்காரர்மேல் இருக்கும். ஃபேர் கேட்ச் விதி பிடிபட நாமும் அங்கேதான் பார்க்கவேண்டும்.

விதி ஒரு ஒப்பந்தம் மாதிரி. பிடிப்பவர் கையை அசைத்து, 'நான் ஓடப்போவதில்லை' என்கிறார். இனி அவரை யாரும் இடிக்கக்கூடாது, அவரும் பிடித்த இடத்தைவிட்டு முன்னேறக்கூடாது. நான் சொல்வது அமெரிக்காவின் தொழில்முறை லீகான என்எஃப்எல்லின் விதி. 2024-இல் கிக்-ஆஃப் (ஆட்டத்தைத் தொடங்கும் உதை) முறை மாறியபின் வழக்கமான கிக்-ஆஃபில் ஃபேர் கேட்ச் கிடையாது. ஆகவே பண்டையே எடுத்துக்கொள்வோம்.

முதல் படி, கை. களத்தில் இருக்கும் 7 நடுவர்களில் பேக் ஜட்ஜ், ஃபீல்டு ஜட்ஜ், சைடு ஜட்ஜ் மூவரும் பண்டின்போது பின்னால் நிற்பார்கள். பந்து காற்றில் இருக்கும்போதே, ஒரு கையைத் தலைக்குமேல் முழுசாக நீட்டி இருபக்கமும் அசைத்தாரா என்று பார்ப்பார்கள். வெயிலுக்காக நெற்றியில் கைவைத்தால் அது சைகை ஆகாது. மார்புக்கு நேராக அரைகுறையாக ஆட்டினால் செல்லாத சைகை. அப்போதும் அவர் பிடித்ததும் ஆட்டம் நிற்கும், ஆனால் அவருடைய அணிக்கு 5 யார்டு தண்டனை, அதாவது பந்தை அவ்வளவு தூரம் அவர்களுக்குப் பாதகமாகத் தள்ளி வைப்பார்கள்.

இரண்டாவது, இடைவெளி. சிக்கல் எல்லாம் இங்கேதான். உதைத்த அணியினர் முழு வேகத்தில் ஓடிவருவார்கள். மோதினால் மட்டும் தப்பு என்று நினைக்காதீர்கள். பந்தை நோக்கிப் போகும் அவர் பாதையில் குறுக்கே நின்றாலும் தப்புதான். சைகை காட்டாதவருக்கும் பிடிக்கும்வரை இந்தப் பாதுகாப்பு உண்டு, பிடித்த அடுத்த நொடியே அவரை வீழ்த்தலாம். சைகை காட்டியவரை அதற்குப் பிறகும் தொடமுடியாது. மீறினால் நடுவர் தவற்றைக் காட்ட மஞ்சள் கொடியை வீசுவார், 15 யார்டு தண்டனை.

மூன்றாவது, பந்து. சுத்தமாகப் பிடித்தால் உடனே விசில். ஓடிவந்த வேகத்தில் ஓரிரு அடி போனால் விட்டுவிடுவார்கள், வேண்டுமென்றே ஓடினால் 5 யார்டு. கையில் பட்டு மேலே எழும்பினால், அது தரையைத் தொடும்வரை பிடிக்க அவருக்கு நியாயமான வாய்ப்பு தரவேண்டும். தரையில் விழுந்துவிட்டதா? சரி, சைகை காலாவதி. அவர் கை பட்டு விழுந்த பந்தை உதைத்த அணி எடுத்து வைத்துக்கொள்ளலாம், ஆனால் எடுத்துக்கொண்டு ஓடமுடியாது.

சைகை காட்டிவிட்டுப் பந்தைத் தொடாமல் விலகுகிறவரையும் நடுவர் விடமாட்டார். பந்து யார்மேலாவது படும்வரை அவர் எதிரணி ஆளைத் தடுக்கக்கூடாது. இல்லையென்றால் பாதுகாப்பையும் வாங்கிக்கொண்டு ஆளையும் இடித்துத் தள்ளலாமே!

கடைசியாக, ஆட்டம் மறுபடி எப்படித் தொடங்கும்? பெரும்பாலும் சாதாரணமாகத்தான். ஆனால் பிடித்த அணி விரும்பினால் அங்கிருந்தே நேராகக் கோல் கம்பங்களுக்கு உதைத்து 3 புள்ளி எடுக்கலாம். அந்தப் பாதி ஆட்டத்தின் நேரம் முடிந்துபோயிருந்தாலும் இந்த ஒரு உதைக்கு மட்டும் நேரம் நீளும்.

2024 டிசம்பர் 19 அன்று சார்ஜர்ஸ் அணி இதைத்தான் செய்தது. முதல் பாதியின் கடைசி நொடிகளில் டென்வர் பிராங்கோஸ் பண்ட் உதைத்தது. சார்ஜர்ஸின் டேரியஸ் டேவிஸ் சைகை காட்டினார். டென்வரின் டிரெமன் ஸ்மித் அவர்மேல் மோதினார். கொடி விழுந்தது. கடிகாரத்தில் நேரம் இல்லை. ஆனால் 15 யார்டு தண்டனை பந்தை டென்வர் பக்கத்தின் 47-ஆம் யார்டு கோட்டுக்குக் கொண்டுபோனது. சார்ஜர்ஸின் கேமரன் டிக்கர் அங்கிருந்து உதைத்தார், உள்ளே போனது. 1976-இல் இதே அணியின் ரே வெர்ஷிங் அடித்ததற்குப் பிறகு என்எஃப்எல்லில் இப்படி ஒரு உதை வெற்றிபெற்றது அதுதான் முதல் தடவை. அந்த மோதல் இல்லாவிட்டால் தூரம் 70 யார்டைத் தாண்டியிருக்கும், யாரும் முயன்றிருக்கமாட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்த உதை 57 யார்டு. கம்பங்களுக்கு இடையே உதைக்கும் வழக்கமான ஃபீல்டு கோலில் பந்தைச் சில யார்டு பின்னால் தள்ளிக் கொடுப்பார்கள், அதையும் கணக்கில் கூட்டவேண்டும். இங்கே அது கிடையாது. எதிரணி 10 யார்டு தள்ளி நிற்கவேண்டும், பந்தை ஒருவர் தரையில் பிடித்துக்கொள்ள அதே கோட்டிலிருந்து உதைக்கலாம். கோல் கம்பங்கள் எண்ட் ஸோன் என்ற கடைசிப் பகுதியின் பின்கோட்டில் நிற்பதால், 47-உடன் அதன் 10 யார்டைக் கூட்டினால் போதும். கல்லூரி ஆட்டத்தில் மட்டும் இதைத் தேடாதீர்கள், அங்கே இந்த உதையே கிடையாது.