மூளை எப்படி ஒரு பொருளைத் தேடுது? வீட்லயே டெஸ்ட் பண்ணிப் பாருங்க

சிவப்பு பேனா ஒன்னு, நீல பேனா ஒன்னு, ஆறு ஏ4 பேப்பர், மொபைல்ல ஸ்டாப்வாட்ச், கூட ஒரு ஆள், இவ்ளோதான் வேணும். எழுதுறது நீங்க, தேடுறது அவங்க, ஏன்னா எழுதுனவங்களுக்கு எது எங்க இருக்குன்னு முன்னாடியே தெரிஞ்சிடும்.

முதல் பேப்பர்ல நீலத்துல 8 'ட' எழுதுங்க, வரிசையா வேணாம், இறைஞ்சு கிடக்குற மாதிரி அங்கங்க, நடுவுல எங்கயாவது சிவப்புல ஒரே ஒரு 'ட'. ரெண்டாவதுலயும் அதேதான், ஆனா நீலம் 30. மூணாவதுல நீல 'ட' 4, சிவப்பு 'ப' 4, கூட அந்த ஒரு சிவப்பு 'ட'. நாலாவதும் அதே மாதிரி, ஆனா 4க்குப் பதிலா 15, 15. எல்லா எழுத்தும் ஒரே சைஸ்ல இருக்கணும், இது ரொம்ப முக்கியம், ஒன்னு பெருசா இருந்தாலே கண்ணு அங்க போயிடும்.

பேப்பர கவுத்து வச்சு, "சிவப்பு ட தேடு"ன்னு சொல்லிட்டு திருப்புங்க, விரல் வைக்கிற வரைக்கும் டைம் எடுங்க. முதல் ரெண்டுக்கும் பெருசா வித்தியாசம் வராது, மூணுலருந்து நாலுக்குப் போறப்பதான் டைம் ஏறும். 1980ல ஆன் ட்ரீஸ்மன், கேரி ஜெலேடுங்கற உளவியல் ஆராய்ச்சியாளர்கள் காட்டுனது இதைத்தான், கலர் மட்டும் வேறன்னா அது தானா எகிறித் தெரியும், கலரும் வடிவமும் சேர்ந்து பொருந்தணும்னா கவனம் ஒவ்வொன்னா போய்ப் பாக்கணும். ஆனா நாலாவது பேப்பர்ல தேடுனவங்ககிட்ட கேட்டுப் பாருங்க, நீலத்தையெல்லாம் பெரும்பாலும் பாத்தே இருக்க மாட்டாங்க, சிவப்புக்குள்ளயேதான் தேடியிருப்பாங்க. மூளையோட முன்பக்கம் "சிவப்பு"ங்கறத பிடிச்சு வச்சுக்கிட்டு, பின்னாடி வி4ங்கற பார்வைப் பகுதில சிவப்புக்கு துடிக்கிற செல்களையெல்லாம் ஒரே நேரத்துல தூக்கி விடுது.

அடுத்தது இன்னும் அழகான டெஸ்ட். தனியா ஒரு பேப்பர் நடுவுல ஒரு புள்ளி, ரெண்டு பக்கமும் நாலு விரல் தள்ளி ஒவ்வொரு எழுத்து. கண்ணு புள்ளிலயே நிக்கட்டும், நீங்க "இடது"ன்னு சொன்னதும் கண்ண அசைக்காம அந்த எழுத்த சொல்லணும். கண்ணு நகராமலே கவனம் நகருறத அவங்களே உணருவாங்க.

இதுக்குள்ள நடக்குறதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். மூளையோட முன்பக்கத்துல, கண்ண எங்க திருப்பணும்னு சொல்ற ஃப்ரன்டல் ஐ ஃபீல்டுங்கற பகுதிக்கு இதுலயும் பங்கு இருக்கு. 2003ல மூர், ஆம்ஸ்ட்ராங்ங்கற ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் குரங்கோட அந்தப் பகுதில கண்ணு திரும்பாத அளவுக்கு லேசா கரண்ட் குடுத்தாங்க, கரண்ட் கூட இருந்திருந்தா கண்ணு எந்த இடத்துக்குத் திரும்பியிருக்குமோ அந்த இடத்தப் பாக்குற வி4 செல்கள் இன்னும் பலமா பதில் சொல்லிச்சு. 2009ல டெசிமோன்ங்கற மூளை ஆராய்ச்சியாளரோட குழு, கவனம் வைக்கிறப்ப இந்த ரெண்டு பகுதியும் காமாங்கற வேகமான மூளை அலையில ஒத்துத் துடிக்குதுன்னு காட்டுனாங்க, ரெண்டுக்கும் நடுவுல 8லருந்து 13 மில்லி செகண்ட் இடைவெளி, ஒரு பகுதியோட சிக்னல் இன்னொன்னுக்குப் போய்ச் சேர ஆகுற நேரம் அது. மூளையோட நடுவுல இருக்குற தலாமஸோட ஒரு பகுதியான பல்வினாரும் பார்வைப் பகுதிகள ஒத்துப்போக வைக்குது.

அஞ்சாவது பேப்பர கடைசில குடுங்க, நாலாவது மாதிரியே எழுதி சிவப்பு 'ட' மட்டும் இல்லாம. "இல்ல"ன்னு சொல்றதுக்கு எவ்ளோ நேரம் ஆகுதுன்னு பாருங்க, சிவப்பு எல்லாத்தையும் பாத்து முடிச்சாதான் சொல்ல முடியும்ங்கறதால நாலாவதுக்கு ஆனத விட நல்லாவே கூட வரும்.