பழைய வெள்ளி ரூபாய் வாங்கும் முன் காந்தமும் தராசும்

விக்டோரியா, ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட வெள்ளி ரூபாய்க்குப் பணம் கொடுக்கும் முன் இரண்டே சோதனை: காந்தத்தில் ஒட்டக் கூடாது, எடை 11.66 கிராமை ஒட்டி இருக்க வேண்டும். 1835-இல் கிழக்கிந்திய கம்பெனி எல்லா மாகாணங்களுக்கும் ஒரே ரூபாயைக் கொண்டுவந்தபோது அதன் எடையை ஒரு தோலா, அதாவது 180 கிரெயின் (11.66 கிராம்) என்று வைத்தது. பிறகு ராஜா ராணி மாறினாலும் அந்த எடை மாறவில்லை. இரும்புப் போலி டக்கென்று காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும், பித்தளைப் போலி ஒட்டாது, அதைப் பெரும்பாலும் தராசுதான் காட்டிக்கொடுக்கும். புழங்கித் தேய்ந்த காசு கொஞ்சம் எடை குறைந்தால் பரவாயில்லை.

ஆனால் பின்பக்கம் புலி உள்ள 1947 ரூபாய் நிக்கல், அசலே காந்தத்தில் ஒட்டும். 1835-க்கு முந்தைய ஆற்காடு ரூபாய் எல்லாவற்றுக்கும் இந்த எடைக் கணக்கு சரிவரும் என்று சொல்ல முடியாது.